மஞ்சள் வயரும் மூடுபனியும்

வணக்கம் சார்,

கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். அஞ்சல் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். போன தீபாவளிக்கு மகன் 43 இன்ச் ஃபோர்-கே டிவி வாங்கிக் கொடுத்தான். என்னிடம் இருநூறு, இருநூற்றைம்பது டிவிடி இருக்கும். பாதிக்கு மேல் பழைய தமிழ்ப் படங்கள். பழைய டிவியில் நன்றாகத் தெரிந்ததெல்லாம் இதில் மங்கலாக, கட்டம் கட்டமாகத் தெரிகிறது. ஊட்டியில் ஒரு கடையில் கேட்டேன். "ப்ளூ-ரே பிளேயர் போடுங்க, இதே டிவிடி ஹெச்டியா தெரியும்" என்கிறார். பன்னிரண்டாயிரம் ரூபாய். பேரனோ, "எல்லாம் ஓடிடியில இருக்கு தாத்தா, இதைத் தூக்கிப் போடு" என்கிறான். மழைக்காலத்தில் இங்கே நெட் படுத்தும் பாடு உங்களுக்கே தெரியும். பன்னிரண்டாயிரம் போடலாமா, வேண்டாமா?

கோத்தகிரி வாசகர் (பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள ஐயா,

வேண்டாம். கடைக்காரர் சொன்ன காரணத்துக்காக என்றால் கண்டிப்பாக வேண்டாம். வேறொரு காரணத்துக்காக வாங்கலாம், அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் என் மானம் போன கதை. டிவிடிக்கு அடுத்த தலைமுறை ஹெச்டி தட்டான ப்ளூ-ரே 2006-இல் வந்தது. அதற்குப் போட்டியாகத் தோஷிபா கொண்டுவந்த ஹெச்டி டிவிடி, 2008 பிப்ரவரியில் கடையைக் கட்டியது. சண்டை முடியட்டும் என்று காத்திருந்து, ஜெயித்த கட்சியில் சேர்கிறவனைப் போல இரண்டு வருடம் கழித்து நானும் ஒரு ப்ளூ-ரே பிளேயர் வாங்கினேன். கோயம்புத்தூரிலிருந்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு குன்னூர் வந்து சேர்ந்தேன். பர்லியார் தாண்டி வளைவுகளில் அந்தப் பெட்டியைப் பிடித்துக்கொண்ட மாதிரி நான் என் மகளைக்கூடப் பிடித்ததில்லை என்பது வீட்டில் இன்றுவரை ஓடும் பேச்சு. நண்பர்களைக் கூப்பிட்டு, டீயும் வர்க்கியும் கொடுத்து, ஒரு வனவிலங்குப் படத்தைப் போட்டுக் காட்டினேன். "டிவிடி எங்கே, இது எங்கே!" என்றார்கள். நானும் தலையாட்டினேன்.

மூன்று மாதம் கழித்து டிவியைச் சுவரில் மாட்ட வந்த பையன் பின்னால் எட்டிப் பார்த்து, "சார், மஞ்சள் வயர்லயா போட்டிருக்கீங்க?" என்று கேட்டான். மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று வயர் வருமே, அதில் மஞ்சள்தான் படத்துக்கு. அதன் வழியாக ஹெச்டி வராது. எந்தத் தட்டைப் போட்டாலும் பழைய டிவி தரம்தான். மூன்று மாதம் நாங்கள் வாய்பிளந்து பார்த்தது டிவிடி தரத்தைக்கூட இல்லை, அதற்கும் ஒரு படி கீழே. காசு கொடுத்த கண் எதையும் ஹெச்டியாகப் பார்க்கும்.

இனி உங்கள் டிவிடிக்கு வருகிறேன். நம் ஊர் டிவிடியில் ஒரு பிரேமுக்கு 720க்கு 576 புள்ளிகள். பெருக்கினால் நாலு லட்சத்துச் சொச்சம். ப்ளூ-ரேயில் 1920க்கு 1080, அது 20 லட்சத்தைத் தாண்டும். உங்கள் ஃபோர்-கே திரையில் இருப்பதோ ஏறக்குறைய 83 லட்சம். ஆக, டிவிடி கொடுக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் உங்கள் டிவி இருபது புள்ளிகளை ஒளிரவைத்தாக வேண்டும். ஒன்று தட்டிலிருந்து வருவது. மீதிப் பத்தொன்பதும் அக்கம்பக்கத்தைப் பார்த்து இட்டு நிரப்பியவை. அப்ஸ்கேலிங் என்று கடையில் சொல்வது இதைத்தான். உங்கள் டிவி இந்த வேலையை ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறது. ப்ளூ-ரே பிளேயர் வந்தால் டிவிக்குப் பதிலாக அது செய்யும். கொஞ்சம் நயமாகச் செய்தாலும் செய்யும், அதை மறுக்கவில்லை. ஆனால் தண்ணீர் மோரை வெள்ளி டம்ளரில் ஊற்றினாலும் தண்ணீர் மோர்தானே.

"பாதிக்கு மேல் பழைய தமிழ்ப் படங்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அவற்றில் மூன்று படங்களின் நாயகர்கள் ஒரே அட்டையில் சிரிக்கும் '3 இன் 1' தட்டுகள் எத்தனை? பஸ் ஸ்டாண்ட் பக்கம் வாங்கியவையாக இருந்தால் நிறையவே இருக்கும், என்னிடமும் இருக்கின்றன. ஓர் அடுக்கு டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபி. அதில் இரண்டரை மணி நேரப் படங்கள் மூன்று என்றால் ஏழரை மணி நேரம். வகுத்துப் பாருங்கள், ஒரு நொடிப் படத்துக்குக் கிடைக்கும் தகவல், ஒலியையும் சேர்த்து, 1.4 மெகாபிட்கூட முழுசாகத் தேறாது. டிவிடியில் படத்துக்கு மட்டும் 9.8 வரை இடம் உண்டு. அதற்கு முந்தைய விசிடியில், ஒரே படம் இரண்டு மூன்று தட்டாக வந்து பாதிச் சண்டையில் எழுந்துபோய் மாற்றுவோமே, அதில் படத்துக்கு 1.15. டிவிடி உறையில் உங்களுக்குக் கிடைத்தது கிட்டத்தட்ட விசிடியின் தீனிதான். பழைய குண்டு டிவி இதையெல்லாம் பூசி மெழுகி மறைத்தது. புது டிவி உள்ளதை உள்ளபடி காட்டுகிறது.

இதில் முதலில் அடிவாங்குவது மூடுபனி. இடம் பற்றாதபோது படத்தைச் சுருக்கும் முறை, காட்சியைச் சிறு சிறு கட்டங்களாக வெட்டி ஒவ்வொன்றிலும் நுணுக்கத்தைக் கழித்துவிடுகிறது. மூக்கு, மீசை, புடவைக் கரை போன்ற அழுத்தமான கோடுகள் எப்படியோ தப்பிவிடும். வெள்ளையிலிருந்து சாம்பலுக்கு மெல்லக் கரைகிற இடங்கள் தப்பாது. ஊட்டியில் எடுத்த டூயட் எதையாவது போட்டுப் பாருங்கள். நாயகி பைன் மரங்களுக்கு நடுவே ஓடி வருவாள். பின்னால் இருக்க வேண்டியது பனி. இருப்பதோ வெள்ளை அட்டைகளைச் சாய்த்து அடுக்கியது போல ஒரு படிக்கட்டு. அவள் கையை வீசினால் கையைச் சுற்றிக் கொசு மொய்க்கிற மாதிரி கட்டங்கள் துடிக்கும். அப்படியே நிறுத்திவிட்டு, ஜன்னலைத் திறந்து தேயிலைச் சரிவைப் பாருங்கள். சில்வர் ஓக் ஒன்று தெரியும், அடுத்தது பாதி தெரியும், மூன்றாவது இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாது. நல்ல ப்ளூ-ரேயில் படத்துக்கு நொடிக்கு 40 மெகாபிட் வரை உண்டு, அந்த மூன்றாவது மரம் அதில் வரும். மஞ்சள் வயரைக் கழற்றிய ராத்திரி நான் முதலில் கவனித்தது இதைத்தான். ஓடிடிக்கு ஹெச்டி என்றால் 5 மெகாபிட் இணைப்பே போதும் என்கிறார்கள். நவீன சுருக்கல் முறைகளால் ஒப்பேற்றிவிடுகிறார்கள், ஆனாலும் இருட்டிலும் பனியிலும் அந்தப் படிக்கட்டு எட்டிப் பார்க்கும்.

டிவியிலிருந்து எத்தனை அடி தள்ளி உட்காருகிறீர்கள் என்று எழுதவில்லை. நம் பக்கத்து வீடுகளில் கணப்பு ஒரு சுவரில், டிவி எதிர்ச் சுவரில், சோபா கணப்போடு ஒட்டி. பத்து அடிக்குக் குறையாது. 43 இன்ச் திரையில் ஒரு ஹெச்டி புள்ளியின் உயரம் அரை மில்லிமீட்டர். குறையில்லாத கண்ணுக்கே அது தனியாகத் தெரிய ஐந்தரை அடிக்குள் வர வேண்டும். டிவிடியின் புள்ளியோ பத்தடியிலேயே கரைய ஆரம்பித்துவிடும். அதாவது பத்தரை அடிக்கு அப்பால் உட்கார்ந்தால், புள்ளிக் கணக்கில் நல்ல டிவிடிக்கும் ப்ளூ-ரேக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. நிறமும் அந்தப் படிக்கட்டும் வேண்டுமானால் காட்டிக்கொடுக்கும். நாற்காலியை முன்னால் இழுக்கச் செலவில்லை. (வீட்டுக்காரம்மாவிடம் முதலில் கேட்டுவிடுங்கள்.)

சரி, எப்போது வாங்கலாம்? புதிதாக ப்ளூ-ரே தட்டுகள் வாங்கும் எண்ணம் இருந்தால் மட்டும். பிளேயர் ஒருமுறைச் செலவு, தட்டு தொடர்செலவு. தமிழில் ப்ளூ-ரேயாக வந்தவை சொற்பம். பழைய படங்களின் மேல் குற்றமில்லை, 35 மில்லிமீட்டர் நெகட்டிவில் டிவிடியைவிடப் பல மடங்கு நுணுக்கம் உண்டு. 1960-இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் என்ற ஃபிலிம் தொழிற்சாலை இருந்த மாவட்டத்துக்காரர் உங்களுக்கு ஃபிலிமைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. நெகட்டிவைக் காப்பாற்றி, புதிதாக ஸ்கேன் செய்ய யாராவது காசு போட வேண்டும், அவ்வளவுதான். ஆங்கிலப் படம், இயற்கை ஆவணப்படம், நல்ல ஸ்பீக்கரில் சங்கீதக் கச்சேரி என்று ருசி இருந்தால் ப்ளூ-ரே கொடுக்கும் சுகம் தனி. ஒலி விஷயத்தில் ஓடிடி அதன் பக்கத்தில் நிற்காது. ஐப்பசி மழையில் மண் சரிந்து கேபிள் அறுந்து நாலு நாள் நெட் இல்லாதபோது, இன்வெர்ட்டரில் ஓடும் தட்டின் அருமை பேரனுக்கும் தெரியும்.

வாங்குவதானால் இரண்டு எச்சரிக்கை. ப்ளூ-ரேக்கு மண்டலக் கணக்கு உண்டு. இந்தியா 'சி', அமெரிக்கா 'ஏ'. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் தட்டு இங்கே ஓடாமல் போகலாம். 2016-இல் வந்த ஃபோர்-கே ப்ளூ-ரேக்கு இந்தத் தொல்லை இல்லை, ஆனால் அதற்கென்று தனிப் பிளேயர் வேண்டும், நீங்கள் சொல்லும் விலைக்கு வராது. இன்னொன்று, தயாரிப்பாளர்களே ஒவ்வொருவராகக் கழன்றுகொள்கிறார்கள். ஒப்போ 2018-இல் நிறுத்தியது. சாம்சங் 2019-இல் அமெரிக்காவில் புது மாடல் இனி இல்லை என்றது. லென்ஸ் போனால் மாற்ற ஆள் கிடைக்குமா என்று கடையில் கேட்டுவிட்டுக் காசை எடுங்கள். பழைய விசிடிகள் இருந்தால் அதையும் கேளுங்கள், பல ப்ளூ-ரே பிளேயர்கள் அவற்றைச் சீண்டுவதே இல்லை.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது வேறு. உங்கள் டிவிடி பிளேயரின் பின்னால், படமும் ஒலியும் ஒரே வயரில் போகும் ஹெச்டிஎம்ஐ ஓட்டை இருந்தால் அந்த வயரை வாங்கி மாட்டுங்கள், சில நூறு ரூபாயோடு போகும். டிவியில் ஷார்ப்னஸைக் குறையுங்கள், அது நுணுக்கத்தைக் கூட்டாது, கட்டங்களைத்தான் தூக்கிக் காட்டும். பழைய படங்கள் அகலமாக இழுபட்டு எல்லோரும் குண்டாகத் தெரிந்தால் 4:3 என்று மாற்றுங்கள், இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், வரட்டும்.

தட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. உறைக்குள் இருக்கும் படத்தாளில்தான் பூஞ்சை முதலில் பிடிக்கிறது. ஆடி மாதம் நான் தாளை எல்லாம் உருவி வெளியே வைத்துவிடுவேன். தட்டில் ஈரம் பூத்திருந்தால் மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்காதீர்கள். வட்டக் கீறல் பதிவின் போக்கிலேயே நீளமாக விழும், பிளேயரால் அதை ஈடுகட்ட முடியாது. குளிர் அறையில் கிடந்த பிளேயரைக் கணப்பு மூட்டிய அறைக்குக் கொண்டுவந்தால் ஒரு மணி, இரண்டு மணி நேரம் விட்டு ஓட்டுங்கள், லென்ஸில் ஆவி படிந்திருக்கும்.

இன்று சாயங்காலம் டார்ச் அடித்து டிவிக்குப் பின்னால் பாருங்கள். வயர் என்ன நிறம் என்று எழுதுங்கள், அப்புறம் பேசுவோம்.

அன்புடன்.