டப்பாவுக்குள் ஏறியது எத்திலீன்தானா?

கேள்வி: பழுத்த வாழைப்பழங்களை ஒரு மூடிய டப்பாவில் வைத்து, மலிவான வாயு உணரி ஒன்றையும் உள்ளே பொருத்தினேன். சில மணி நேரத்தில் அளவு மளமளவென ஏறியது. இதை வைத்து, பழுக்கத் தூண்டும் வாயுவான எத்திலீனைப் பழம் எவ்வளவு விடுகிறது என்று கணக்கிடலாமா?

பதில்: கணக்கிட முடியாது. பழுக்கும் பழத்திலிருந்து எத்திலீனோடு எத்தனாலும், மணத்துக்குக் காரணமான எஸ்டர்களும், நீராவியும் சேர்ந்தே வெளிவருகின்றன. டின் ஆக்சைடைச் சூடாக்கி இயங்கும் மலிவான உணரிக்கு இவற்றுக்கிடையே வேறுபாடு தெரியாது. பத்து லட்சத்தில் 0.1 பங்கு எத்திலீனே பல காய்களைப் பழுக்கத் தூண்டப் போதுமானது என்னும்போது, உங்கள் உணரி காட்டிய ஏற்றத்தில் எத்திலீனின் பங்கு பெரும்பாலும் சொற்பமாகவே இருந்திருக்கும்.

ஆய்வகத்தில் செய்வது இதுதான். எடை பார்த்த பழத்தைக் காற்றுப் புகாத கண்ணாடி ஜாடியில் வைத்து, குறித்த நேரம் கழித்து, மூடியிலுள்ள ரப்பர் அடைப்பின் வழியே ஊசி செலுத்தி 1 மில்லிலிட்டர் காற்றை உறிஞ்சி எடுத்து, வாயு குரோமட்டோகிராஃபி கருவிக்குள் செலுத்துவார்கள். அங்கே நீண்ட குழாயொன்றில் வாயுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிந்து வர, எத்திலீனின் முறை வரும்போது ஹைட்ரஜன் சுடரில் அது எரிந்து உண்டாக்கும் அயனிகளின் மின்னோட்டத்தைக் கருவி அளக்கும். பழுக்கும் ஆப்பிள்கள் விடுவது எத்திலீனே என்று 1934இல் வேதியியல் முறையில் நிறுவிய கேன் என்பவருக்கு ஏராளமான ஆப்பிள்கள் தேவைப்பட்டன. இன்றோ ஒரே பழம் போதும்.

கருவி தரும் எண்ணும் முழு விடையன்று. 3 லிட்டர் ஜாடியில் 200 கிராம் ஆப்பிளை வைத்து, 1 மணி நேரத்தில் பத்து லட்சத்தில் 1 பங்கு எத்திலீன் சேர்ந்ததாகக் கொள்வோம். பழம் அடைத்த இடம் போக எஞ்சுவது ஏறத்தாழ 2.8 லிட்டர், அதில் 2.8 மைக்ரோலிட்டர் (ஒரு மைக்ரோலிட்டர் என்பது லிட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) எத்திலீன் இருக்கும். அதை 0.2 கிலோவால் வகுத்தால், கிலோவுக்கு மணிக்கு 14 மைக்ரோலிட்டர் என்று வரும். ஜாடியின் கொள்ளளவையும் பழத்தின் எடையையும் நேரத்தையும் சொல்லாமல் வெறும் செறிவை மட்டும் எழுதினால், இன்னொருவர் அளந்ததோடு அதை ஒப்பிடவே முடியாது. வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஜாடியை நெடுநேரம் மூடி வைப்பதும் தவறு. பழம் சுவாசிப்பதால் ஆக்சிஜன் குறையும், கார்பன் டை ஆக்சைடு கூடும். எத்திலீன் உருவாகும் கடைசிப் படிக்கு ஆக்சிஜன் தேவை என்பதால், நாம் அளக்கும் செயலே அளவைக் குறைத்துவிடும். அடிபட்ட பழமோ காயத்தின் காரணமாகக் கூடுதலாகவே எத்திலீனை விடும். ரப்பர் அடைப்பிலிருந்தும் சிறிது எத்திலீன் ஜாடிக்குள் வெளிவரலாம் என்பதால், பழமில்லாத ஜாடி ஒன்றையும் கூடவே அளந்து கழிக்க வேண்டும். பலரும் சோம்பலால் விட்டுவிடும் வேலை இது.

கேள்வி: பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின் நிறமாற்றத்தைக் கொண்டு அளக்கலாமா?

பதில்: எத்திலீன் பட்டால் அதன் ஊதா நிறம் பழுப்பாகும் என்பது உண்மையே. ஆனால் எத்தனாலும் அதே மாற்றத்தைச் செய்யும். எத்திலீனை நீக்க அது உதவும், அளக்க உதவாது.