பனங்கட்டியை, அதாவது பனை வெல்லத்தை, கடித்துக்கொண்டு தேநீர் குடிக்கும் வழக்கம் யாழ்ப்பாணத்தைத் தவிர வேறு எங்காவது உண்டா?

உண்டு. எங்களுக்கே உரியது என்று நாங்கள் நினைப்பது ஈரானில் அன்றாடம் நடக்கிறது. கெட்டியான சீனிக்கட்டியை முன்பற்களுக்கிடையில் வைத்து, அதனூடாகத் தேநீரை உறிஞ்சுவார்கள். எங்கள் அம்மம்மாவின் முறையும் ஏறக்குறைய இதுதான்: பேணியில் ஆவி பறக்கும் வெறுந்தேத்தண்ணீர், இடது உள்ளங்கையில் சின்னப் பனையோலைப் பெட்டியான குட்டானிலிருந்து உடைத்த பனங்கட்டித் துண்டு. ஒரு கடி, ஒரு மிடறு. துண்டு முடிவதற்குள் பேணி காலியாகிவிட வேண்டும், அதில் ஒரு கணக்கு இருந்தது.

ரஷ்யர்களும் சீனியைக் கடித்துக் குடிப்பார்கள். அதற்கென்று அவர்களிடம் தனிச் சொல்லே இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது ஜேர்மனியின் கிழக்கு ஃபிரீசியா வழக்கம். கோப்பையின் அடியில் பெரிய கற்கண்டைப் போட்டுச் சூடான தேநீரை ஊற்றினால் அது ‘படக்’ என்று வெடிக்கும். மேலே கொஞ்சம் கிறீம் விடுவார்கள். கலக்கவே கூடாது. முதலில் கிறீம், பிறகு கசப்பு, கடைசியில் இனிப்பு.

திபெத்தியர் வெண்ணெயும் உப்பும் சேர்ப்பார்கள். அதை அம்மம்மாவிடம் நீட்டியிருந்தால் முற்றத்தில் ஊற்றியிருப்பார்.

தமிழ்நாட்டுக் கடைகளில் பால் கலந்த தேநீரே பெரும்பாலும் கிடைக்கும். அங்கே போய்ப் பனங்கட்டியைப் பாலுக்குள் போட்டுவிடாதீர்கள், சிலவேளை திரைந்துவிடும். கடிப்பதானால் வெறுந்தேத்தண்ணீரோடுதான்.