கோலாலம்பூர் ஈரக்காற்றில் வீட்டு மூலிகைகளைப் பூஞ்சை பிடிக்காமல் காய வைப்பது எப்படி?

புதினாவையும் துளசியையும் கட்டுக்கட்டாகச் சமையலறையில் தொங்கவிட்டேன், நாலைந்து நாளில் நடுவில் கறுத்துப் பூஞ்சை பிடித்துவிட்டது, கோலாலம்பூரில் காய வைக்கவே முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால் தொங்கவிடுவதை மறந்துவிடுங்கள், அது காய்ந்த காற்று வீசும் ஊர்க்காரர்கள் செய்வது.

இங்கே வெயிலுக்கு ஒரு குறையும் இல்லை, காற்றில்தான் கோளாறு. இரவிலும் விடியற்காலையிலும் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தொடும், மதியம் வெயில் கொளுத்தும்போதுதான் கொஞ்சம் இறங்கும், சரியாக அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொள்ளும். இலை எத்தனை நாள் கிடந்தாலும் சுற்றியிருக்கும் காற்று விடுகிற அளவுக்குத்தான் காயும். ஈரப்பதம் 70-க்கு மேலேயே நின்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். மதுரையில் என் சித்தி மொட்டை மாடியில் வேப்பம்பூவைச் சுலபமாகச் சருகாக்கிவிடுவார். அதையே நம் பால்கனியில் செய்தால் பகலில் காய்ந்தது ராத்திரி நமத்துப்போகும். பினாங்கில் தைப்பூசத்தை ஒட்டிய வாரங்களில் மழை குறைவு என்பதால் அப்போது வெயிலை நம்பலாம், அங்கேயும் சாயங்காலம் உள்ளே எடுத்துவிட வேண்டும்.

நான் படுக்கையறை ஏர்கோனில்தான் காய வைக்கிறேன். வெளியே குழாயில் சொட்டிக்கொண்டே இருக்கிறதே தண்ணீர், அது அறைக் காற்றிலிருந்து பிடுங்கிய ஈரம்தான். ரிமோட்டில் நீர்த்துளிப் படம் போட்ட பொத்தான், அதாவது காற்றின் ஈரத்தைக் குறைக்கும் பொத்தான், இருந்தால் இன்னும் நல்லது. எப்படியும் தூங்கப் போடத்தானே போகிறோம், மூலிகைக்கென்று தனிச் செலவில்லை. இலைகளைக் கழுவினால் துணியில் நன்றாக ஒற்றி, காம்பிலிருந்து உருவி, சல்லடையிலோ கம்பித் தட்டிலோ ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, சின்ன மேசை விசிறியை மெல்ல ஓடவிடுங்கள்.

காலையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஏர்கோனை நிறுத்தி ஜன்னலைத் திறந்தால் அரை நாளில் எல்லா ஈரமும் திரும்ப ஏறிவிடும், அதனால் அறை குளிர்ச்சியாக இருக்கும்போதே இலைகளை இறுக்கமான டப்பாவில் ஈரத்தை இழுக்கும் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு மூடிவிட்டு, ராத்திரி மறுபடி பரப்புங்கள். புதினா, துளசி, கறிவேப்பிலை, முருங்கை எல்லாம் சில இரவுகளில் மொறுமொறுவென்று ஆகிவிடும். டப்பாவில் கொஞ்சம் அரிசி போட்டால் போதும் என்பார்கள், இந்த ஊரில் அரிசியே நமத்துப்போகிறது, அது எங்கே ஈரத்தை இழுக்கப்போகிறது!

அவசரம் என்றால் ஓவனை ஆகக் குறைந்த சூட்டில் வைத்து, கதவை ஒரு கரண்டிக் காம்பால் லேசாகத் திறந்தே வைத்துக் காய வைக்கலாம். ஆனால் மூலிகைக்கு 35 முதல் 45 டிகிரிதான் சரி, பல ஓவன்கள் அவ்வளவு கீழே இறங்காது, சூடு ஏற ஏற வாசனை உங்கள் சமையலறைக்குப் போய்விடும், பாட்டிலுக்கு வராது. ஏர் ஃபிரையரில் வைப்பதானால் மேலே ஒரு கம்பி வலையை வைத்து அழுத்துங்கள், இல்லையென்றால் இலைகள் பறந்து சூடேறும் கம்பியில் ஒட்டிக் கருகும்.

காய்ந்ததா என்று இலையை மட்டும் நொறுக்கிப் பார்த்தால் போதாது, நடு நரம்பு வளையாமல் படக்கென்று ஒடிய வேண்டும். பிறகு கண்ணாடி பாட்டிலில் அடைத்து ஒரு வாரம் கவனியுங்கள். உள்பக்கம் லேசாக ஆவி படிந்தாலும் உடனே கொட்டி மறுபடி காய வைக்க வேண்டும். பூஞ்சை வாடை வந்துவிட்டால் யோசிக்காமல் குப்பையில் போடுங்கள். பெரிய பாட்டில் வேண்டாம், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் காற்று உள்ளே போகும், அதிலும் கொதிக்கிற குழம்புக்கு மேலே பாட்டிலைச் சாய்த்துத் தட்டுகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

கற்பூரவல்லியோடு மட்டும் மல்லுக்கட்ட வேண்டாம். தடித்த இலை, முழுக்கத் தண்ணீர், காய்வதற்குள் அழுகும். வருஷம் முழுக்கத் தொட்டியில் தழைப்பதை வேண்டும்போது கிள்ளிக்கொள்ளலாமே. கொத்தமல்லி காய்ந்தால் வாசனை போய் வெறும் புல்தான் மிஞ்சும், அதை நறுக்கி ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள்.