செம்பனைப் பூவில் மொய்க்கும் கறுப்பு வண்டு: மருந்து அடிக்கலாமா?

கேள்வி: குளுவாங் பக்கம் அப்பா விட்டுப்போன 3 ஏக்கர் செம்பனை இருக்கிறது. பூக்களில் எள்ளைப் போலக் கறுப்பு வண்டுகள் நூற்றுக்கணக்கில் மொய்க்கின்றன. அண்மையில் வெட்டிய குலைகளில் பாதி, பருப்பில்லாத சின்னக் காய்கள். பக்கத்து நிலத்து அண்ணன் "மருந்து அடி" என்கிறார். அடிக்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. அடித்தால் அடுத்த குலைகள் இன்னும் மோசமாகும்.

வண்டுகள் மொய்ப்பது ஆண் பூவில்தானே? விரல் விரலாக நீண்டு, சோம்பு வாசனை அடிக்கும் பூ. அப்படியென்றால் அது மகரந்த வண்டு. 1981 பிப்ரவரியில் ஆப்பிரிக்காவின் கமரூனிலிருந்து கொண்டுவந்து மலேசியாவில் முதலில் விட்டதே உங்கள் குளுவாங்கில்தான். இது செம்பனையை விட்டு வேறு பயிருக்குத் தாவுமா என்று பூச்சியியலாளர் ரஹ்மான் சையது சோதித்துப் பார்த்த பிறகுதான் அனுமதி கிடைத்தது. அதற்கு முன் பல தோட்டங்களில், பவுடரில் கலந்த மகரந்தத்தைப் பெண் பூக்களில் ஊதுவதற்கென்றே ஆள் வைத்திருந்தார்கள். தோட்டத்தில் வேலை பார்த்த பாட்டி யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள், கதை கதையாக வரும்.

வண்டுக்குச் சாப்பாடு, கல்யாணம், பிரசவம் எல்லாமே ஆண் பூவில்தான். பெண் பூவில் அதற்கு ஒன்றும் கிடையாது. ஆனால் பெண் பூவும் அதே சோம்பு வாசனையை அவ்வப்போது விட்டு வண்டை ஏமாற்றி வரவழைக்கிறது. வந்த வண்டு உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை உதிர்த்துவிட்டு வெறும் வயிற்றோடு திரும்பும். பெண் பூ காத்திருப்பது இரண்டு மூன்று நாள்தான். அந்த நேரத்தில் வண்டு வராவிட்டால் நீங்கள் சொன்ன பருப்பில்லாத காய்தான்.

பூ குலையாகிப் பழுக்க ஐந்தாறு மாதம் ஆகும். ஆகவே இப்போது கெட்ட குலைக்குக் காரணத்தை இப்போது தேடாதீர்கள். அது பூத்த நாட்களில் தொடர்மழையா? மழையில் வண்டு சரியாகப் பறக்காது. இளமரங்களா? அவற்றில் ஆண் பூ குறைவு, வண்டும் குறைவு.

பலர் செய்யும் தப்பு ஒன்று. மட்டை வெட்டும்போது, காய்ந்துபோன ஆண் பூவையும் "அசிங்கமாக இருக்கிறது" என்று வெட்டி எறிவார்கள். வண்டின் புழுக்கள் வளர்வது அதற்குள்தான்; இரண்டு மூன்று வாரத்தில் புது வண்டாக வெளியே வரும். அதை மரத்திலேயே விடுங்கள். எலியும் அந்தப் புழுக்களைத் தோண்டித் தின்னும் என்பதால் எலியையும் கவனியுங்கள். ஆந்தை வந்தால் விரட்டாதீர்கள்!

இலையைச் சல்லடையாக்கும் பைப்புழுவும் குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டும் வேறு விஷயம். பைப்புழுவுக்கு பி.டி. என்ற பாக்டீரியா மருந்து இருக்கிறது. அது மகரந்த வண்டைத் தொடாது. சைப்பர்மெத்ரின் என்ற ரசாயன மருந்து அப்படியல்ல, எந்தப் பூச்சியையும் கொல்லும். குருத்துக்கு அடித்தே ஆகவேண்டும் என்றால் குருத்துக்குள் மட்டும், பூவில் படாமல். வரப்போரம் "புங்கா புக்குல் லாப்பான்" (எட்டு மணிப் பூ) செடி நட்டால், பைப்புழுவைக் கொல்லும் குளவிகள் அதன் தேனுக்கு வரும்.

இதற்குப் பிறகும் குலை தேறாவிட்டால் செம்பனை வாரியத்தில் சிறுதோட்டக்காரர்களுக்கு ஆலோசனை சொல்லும் துனாஸ் அதிகாரியைக் கூப்பிட்டு, வெட்டிய குலை ஒன்றைப் பிளந்து காட்டுங்கள்.