பெயர் மட்டும்தான் மாறியதா?

சர்வதேசப் போக்குவரத்து மன்றம் (பல நாட்டுப் போக்குவரத்து அமைச்சர்கள் கூடும் அமைப்பு) உருவானது வெறும் பெயர்ப்பலகை மாற்றம், அதைச் சீர்திருத்தம் என்கிறார்கள் என்று உங்கள் ஆசிரியர் சொல்வதை எம்.ஏ. கட்டுரையில் எப்படி மறுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். முழுவதும் மறுக்க வேண்டாம், பாதி உண்மைதான். 1953-இல் பிரஸ்ஸல்ஸ் நெறிமுறையால் (நாடுகள் கையெழுத்திட்ட ஒப்பந்தம்) உருவான ஐரோப்பியப் போக்குவரத்து அமைச்சர்கள் மாநாடுதான், 2006 டப்ளின் பிரகடனத்தின்படி சர்வதேசப் போக்குவரத்து மன்றமாக மாறியது. சட்ட அடித்தளம் அதே பழைய நெறிமுறை. உங்கள் ஆசிரியர் பிடித்துக்கொண்டது இதைத்தான்.

நீங்கள் சேலத்துக்காரர், ஜவ்வரிசி மூட்டையிலிருந்தே தொடங்குங்கள். செவ்வாய்ப்பேட்டையில் லாரியில் ஏறும் மூட்டை துறைமுகத்தில் கன்டெய்னருக்குள் போய்க் கப்பலேறுகிறது. பழைய மாநாட்டின் கவனம் பெரும்பாலும் சாலை, ரயில், உள்நாட்டு நீர்வழி ஆகியவற்றோடு நின்றது, அதுவும் ஐரோப்பாவுக்குள். மூட்டை கப்பலேறியதும் அவர்கள் கணக்கிலிருந்து காணாமல் போய்விடும். புதிய மன்றம் கடலையும் வானையும் சேர்த்துக்கொண்டது, ஐரோப்பாவுக்கு வெளியே உறுப்பினர்களை ஏற்றது. இந்தியாவும் உறுப்பினர். மன்றத்தின் முதல் கூட்டம் 2008-இல் ஜெர்மனியின் லைப்ஸிக்கில் நடந்தது.

பலவீனத்தையும் மறைக்காதீர்கள்: மன்றத்தின் கொள்கைப் பரிந்துரைகள் யாரையும் கட்டுப்படுத்தாது. பன்னாட்டு லாரி பர்மிட் (உறுப்பு நாடுகளுக்கிடையே சரக்கு ஏற்றிச் செல்லும் அனுமதி) ஒதுக்கீடு என்ற கையில் பிடிக்கக்கூடிய ஒரே பலன் இன்றும் ஐரோப்பியப் பகுதிக்கு உரியது. நம் ஊர் லாரி உரிமையாளர் அதைக் கேட்டால் சிரிப்பார். இந்தப் பத்தியை முன்னால் வையுங்கள், ஆசிரியர் குறுக்குக் கேள்வி கேட்க இடமிருக்காது.