"பெண்கள்" என்று சொல்லாமல் "மாதவிடாய் வருபவர்கள்" என்று எழுதுவது பெண்களை அவமதிப்பது ஆகாதா? அப்படியானால் பெண் என்பவர் யார்?

உங்கள் அலுவலகத்திலும் அந்த விடுப்பு மெயில் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். மாதம் ஒரு நாள், ஆண்டுக்கு 12 நாள் சம்பளத்தோடு மாதவிடாய் விடுப்பு என்று 2025 அக்டோபரில் கர்நாடக அமைச்சரவை முடிவெடுத்ததிலிருந்து பெங்களூரில் எங்கள் அலுவலகத்திலும் இதே பேச்சுதான். எங்கள் எச்ஆர் "மாதவிடாய் வரும் ஊழியர்கள்" என்று எழுதியிருந்தார்கள். "பெண் ஊழியர்கள் என்று எழுதினால் என்ன, நம்மை வெறும் உடம்பாகவா பார்க்கிறார்கள்?" என்று என் டீமில் ஒரு தோழி கொதித்துப்போனார். அவர் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த மெயிலை மூன்று முறை படித்தேன், மூன்று முறையும் நிம்மதியாக இருந்தது. எனக்கு 44 வயது. ஒருமுறைகூட மாதவிடாய் வந்ததில்லை.

பிறவியிலேயே எனக்குக் கருப்பை இல்லை. எம்ஆர்கேஎச் என்பார்கள். ஏறக்குறைய 5,000 பெண் குழந்தைகளில் ஒருவருக்கு இப்படி இருக்கும். சினைப்பை உண்டு, ஹார்மோன் சுரக்கும், மார்பு வளரும், குரோமோசோமும் எக்ஸ்எக்ஸ்தான். அதனால் "இன்னும் ஆகலையா?" என்ற கேள்வி எழும் வயது வரை பெரும்பாலும் யாருக்கும் சந்தேகமே வராது.

நாங்கள் பெங்களூர் அல்சூர்க்காரர்கள். எனக்குப் பன்னிரண்டு வயதானபோதே பாட்டி அரக்கு நிறத்தில் பட்டுத் தாவணி வாங்கி, டிரங்குப் பெட்டியில் வேப்பிலை போட்டு வைத்திருந்தார். கோலார் தங்கவயல் தாய்மாமா சீருக்கென்று வெள்ளித் தட்டு எடுத்து வைத்திருந்தார். சித்தி பெண்கள், பக்கத்து வீட்டுப் பெண்கள் என்று வரிசையாக மணையில் உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு சடங்கு வீட்டிலும் "அடுத்தது உனக்குத்தான்" என்று என் கன்னத்தைக் கிள்ளுவார்கள். 1998இல், பதினேழு வயதில் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் என்னை வெளியே அனுப்பிவிட்டு அப்பாவிடம் மட்டும் பேசினார். வெளியே வந்த அப்பா அந்தப் பெரிய பழுப்பு உறையை இரண்டாக மடிக்கப் பார்த்தார். உள்ளே ஃபிலிம் இருந்ததால் மடங்கவில்லை. மடித்து மடித்துப் பார்த்துக்கொண்டே படியிறங்கினார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எனக்கு விஷயம் தெரிந்தது அத்தை வாயால். சமையலறையில் அம்மாவிடம் கேட்டார்: "அப்போ இவ இருசியா?" தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், பூப்படையாத பெண்ணை அப்படிச் சொல்வது உண்டு. அந்தச் சொல் 27 வருடமாக என் காதில் இருக்கிறது.

"எக்ஸ்எக்ஸ்தானே, உன்னைப் பெண் இல்லை என்று யார் சொன்னது?" என்று ஒருவர் கீழே கமெண்டில் கேட்பார். என் அத்தைக்குக் குரோமோசோம் தெரியாது. கருப்பை இருந்தால்தான் பெண், மாதவிடாய் வந்தால்தான் பெண் என்று எல்லை போடுகிறவர்களும் என்னைப் பார்த்ததும் "நீ விதிவிலக்கு" என்று விட்டுவிடுகிறார்கள். என்னை அப்படிச் சேர்த்துக்கொள்ள வேண்டாம்.

நான் சொல்வது இவ்வளவுதான்: எதைப் பற்றிப் பேசுகிறோமோ அதைப் பெயர் சொல்லிப் பேசலாம். அந்த விடுப்பு மாதவிடாய்க்கானது. "பெண் ஊழியர்கள்" என்று போட்டிருந்தால் நான் மாதாமாதம் பொய் சொல்லி லீவு எடுக்க வேண்டும், இல்லையென்றால் ஏன் எடுக்கவில்லை என்று விளக்க வேண்டும். மாதவிடாய் நின்றவர்களுக்கும் அதே சங்கடம். பெண்ணாகப் பிறந்ததாகச் சொல்லப்பட்டு ஆணாக வாழ்கிற, மாதவிடாய் வரும் திருநம்பிக்கோ அந்த மெயிலில் இடமே இருக்காது. அதற்காக மகளிர் தினத்தைக் "கருப்பை உடையோர் தினம்" என்று யாராவது மாற்றினால், உங்களோடு சேர்ந்து நானும் சண்டைக்கு வருவேன். சம்பள வித்தியாசம், பாலியல் தொல்லை என்று பேசும்போது பெண்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

கோர்ட்டுகளும் அந்தந்தச் சட்டத்துக்குத்தான் பொருள் சொல்கின்றன. 2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்து திருமணச் சட்டத்தில் வரும் "மணமகள்" என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்றது. 2025 ஏப்ரலில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், அங்குள்ள 2010 சமத்துவச் சட்டத்தில் "பெண்" என்பது உயிரியல் பாலினத்தைக் குறிக்கும் என்றது. இந்த இரண்டில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து "பெண்ணுக்கு இதுதான் அர்த்தம், முடிந்தது" என்கிறார்கள். ஒரு சட்டத்துக்குள் ஒரு சொல்லுக்குச் சொன்ன பொருள் அது. நான் திருநங்கைகளுக்கு எதிரியும் இல்லை, பெண்ணியத்துக்கு எதிரியும் இல்லை. என் பதிலை எந்தக் கட்சியிலும் சேர்க்காதீர்கள்.

பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். 2018இல் நானும் கணவரும் பதினான்கு மாதப் பெண் குழந்தையைத் தத்தெடுத்தோம். அப்போது நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு நாள்கூடப் பேறுகால விடுப்பு தரவில்லை. குழந்தை மூன்று மாதத்துக்கு உட்பட்டதாக இருந்தால்தான் 12 வாரம் என்று சட்டத்தைக் காட்டினார்கள். குழந்தையை ஒப்படைத்த பெற்றோர் மனம் மாறுவதற்கே 60 நாள் அவகாசம் உண்டு. அதற்குப் பிறகு மற்ற நடைமுறைகள். மூன்று மாதத்துக்குள் எந்தக் குழந்தை கைக்கு வரும்? புது வீட்டில் ராத்திரி முழுக்க அழுத குழந்தையை விட்டுவிட்டுக் காலையில் ஆபீஸ் போனேன். அன்றைக்கு "அம்மா" என்ற சொல்லுக்கு யாராவது சரியான பொருள் எழுதியிருக்கலாம்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்த மெயில் அவமதிப்பு இல்லை, அப்படியே இருக்கட்டும் என்றுதான் நான் எச்ஆருக்குப் பதில் போட்டேன். அப்புறம், இதைப் படிக்கிற யார் வீட்டிலாவது பதினைந்து வயது தாண்டியும் பூப்படையாத பெண் இருந்தால், பரிகாரத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் மகப்பேறு மருத்துவரிடம் அழைத்துப்போங்கள். டாக்டர் பேசும்போது அவளையும் அறைக்குள்ளேயே உட்கார வையுங்கள்.