விகிதச் சுருதிக்குத் தனி வாத்தியம் வாங்க வேண்டுமா?

கேள்வி: எளிய முழு எண் விகிதங்களில் சுருதி சேர்க்கும் ஜஸ்ட் இன்டோனேஷன் முறையில் வாசிக்கப்பட்ட இசையைக் கேட்டதிலிருந்து, என் பழைய கீபோர்டின் ஒலி எனக்குக் கலங்கலாகவே படுகிறது. வயலின் வாசிக்கும் ஒரு நண்பருடனும் கிதார் வாசிக்கும் இன்னொரு நண்பருடனும் மேடையில் அந்த முறையில் வாசிக்க விரும்புகிறேன். ஆனால், இதற்கென்றே செய்யப்படும் வாத்தியங்களின் விலை என் கைக்கு எட்டுவதாக இல்லை. குறைந்த செலவில் என்ன வழி?

பதில்: இதற்கென்றே செய்த வாத்தியத்தைத் தேடுவதை முதலில் நிறுத்துங்கள். ஒரு ஸ்தாயிக்கு 43 ஸ்வரங்கள் வகுத்துக்கொண்ட அமெரிக்க இசையமைப்பாளர் ஹாரி பார்ட்ச்கூட, சாதாரண ரீடு ஆர்கனின் சுருதியை மாற்றித்தான் தம் குரோமலோடியன் என்ற வாத்தியத்தை உருவாக்கினார். உங்களுக்கு வேண்டியவை இரண்டுதான்: ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியே சற்று ஏற்றி இறக்க இடம் தரும் வாத்தியம், அசையாமல் நீண்டு நிற்கும் நாதம். இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தட்டியதும் அடங்கிவிடும் ஒலியில் சுருதி சுத்தமாக இருக்கிறதா இல்லையா என்று காது முடிவு செய்வதற்குள் ஸ்வரம் போய்விடும்.

நீங்கள் கேட்ட கலங்கலுக்குக் கணக்கு உண்டு. நடு ஸ்தாயி சி ஸ்வரம் வினாடிக்குச் சுமார் 261.6 அதிர்வுகள் கொண்டது. அதற்கு 5/4 விகிதத்தில் நிற்க வேண்டிய ஈ ஸ்வரம், அரைச்சுரத்தை 100 சென்ட்டாகப் பகுக்கும் கணக்கில் 386 சென்ட்டில் வர வேண்டும்; சாதாரண கீபோர்டிலோ 400 சென்ட்டில் இருக்கிறது. ஒவ்வொரு ஸ்வரத்தோடும் அதன் அதிர்வெண்ணின் முழு மடங்குகளும் மேற்சுரங்களாகச் சேர்ந்து ஒலிக்கும். சி-யின் ஐந்தாம் மடங்கு மேற்சுரமும் ஈ-யின் நான்காம் மடங்கு மேற்சுரமும் ஒன்றோடொன்று இழையாமல், வினாடிக்குப் பத்துக்கும் மேற்பட்ட விம்மல்களை, அதாவது ஒலி ஏறி இறங்கும் துடிப்புகளை, எழுப்புகின்றன. அதுதான் உங்கள் காதில் விழுகிறது.

ஆகவே, புதிதாக எதையும் வாங்குமுன் கையிலுள்ள கீபோர்டின் அமைப்புப் பட்டியலில் ‘ஸ்கேல் டியூன்’ அல்லது ‘மைக்ரோ டியூனிங்’ என்ற பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். பன்னிரண்டு ஸ்வரங்களையும் தனித்தனியே ஏறக்குறைய 64 சென்ட் வரை மேலும் கீழும் நகர்த்தும் வசதி பல கீபோர்டுகளில் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. சி-யை ஆதாரமாகக் கொண்டால், டி-க்கு +4, ஈ-க்கு -14, எஃப்-க்கு -2, ஜி-க்கு +2, ஏ-க்கு -16, பி-க்கு -12 என்று வைத்தாலே மேஜர் ஸ்கேல் அமைந்துவிடும். முழு சென்ட்டாகத்தான் வைக்க முடிகிறதே என்று வருந்த வேண்டாம். ஈ-யில் மிஞ்சும் பிழை நான்கு வினாடிக்கு ஒரு விம்மல் அளவுதான். கோரஸ், வைப்ரேட்டோ போன்ற விளைவுகளை மட்டும் அணைத்துவிடுங்கள், இல்லையேல் செய்த வேலையெல்லாம் அவற்றின் அசைவில் கரைந்துவிடும்.

பழைய வாத்தியம் வாங்குவதாக இருந்தால் மாடல் பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபார்ப்பது நல்லது. யமஹாவின் புகழ்பெற்ற டிஎக்ஸ்7-இல் இந்த வசதி கிடையாது. 1987-இல் வந்த அதன் அடுத்த தலைமுறையான டிஎக்ஸ்7 II-இல்தான் அது உண்டு. மடிக்கணினி இருந்தால் இந்தத் தேடலே தேவையில்லை. இலவசமாகக் கிடைக்கும் சர்ஜ் எக்ஸ்டி என்ற மென்பொருள் சிந்தசைசர், ஸ்காலா வடிவில் எழுதப்பட்ட சுருதிக் கோப்புகளை அப்படியே ஏற்கும். உங்கள் கீபோர்டில், அழுத்தும் கட்டைகளின் தகவலைக் கணினிக்கு அனுப்பும் மிடி இணைப்பு இருந்தால் அதுவே போதும். மேடையில் கணினியை நம்பத் தயங்குகிறவர்கள் பழைய ஹார்மோனியத்தை நாடலாம். உள்ளே அதிரும் உலோக நாக்கான ரீடின் நுனியைச் சுரண்டினால் ஸ்வரம் ஏறும், அடிப்பகுதியைச் சுரண்டினால் இறங்கும். மேற்சுரங்கள் செறிந்த நாதமாதலால், சுத்த விகிதம் அதில் ஒலிப்பதுபோல் மற்ற எளிய வாத்தியங்களில் ஒலிப்பதில்லை என்பது என் எண்ணம். ஆனால், சுரண்டிய உலோகம் திரும்பி வராது.

வயலினுக்கு எதுவும் செய்ய வேண்டியதில்லை. கிதாரில்தான் சிக்கல், அதன் மெட்டுகள், ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்குகளாகப் பிரிக்கும் சமச் சுருதிக்கு அளந்து பதிக்கப்பட்டவை. வெறும் தந்திகளையே ஒரு மேஜர் கார்டாக, விம்மல் அடங்கும்வரை காதால் சேர்த்து, ஸ்லைடு கொண்டு வாசிக்கச் சொல்லுங்கள். ஸ்லைடைத் தந்திகளுக்குக் குறுக்கே நேராக வைத்திருக்கும்வரை, கார்ட் எந்த இடத்துக்கு நகர்ந்தாலும் விகிதம் குலையாது. ஒத்திகையில் சமச் சுருதியைக் காட்டும் டியூனரை மூடிவைத்துவிட்டு, இருவரும் உங்கள் கீபோர்டின் ஒலியைக் கேட்டே சுருதி சேர்க்கட்டும்.

கேள்வி: நீங்கள் சொல்லும் முறையில்தான் என் கீபோர்டை மாற்றி வைத்திருக்கிறேன். சி மேஜர் அருமையாக இருக்கிறது. டி மைனர் வாசித்தால் மட்டும் ஓலமிடுகிறது. அமைப்பில் தவறு செய்துவிட்டேனா?

பதில்: தவறில்லை. சி-யைப் பொறுத்து டி 9/8, ஏ 5/3 என்றால் இரண்டுக்கும் இடையே வருவது 40/27. அதாவது 680 சென்ட். சுத்தமான 3/2-க்கு வேண்டிய 702-ஐவிட அது 81/80 என்ற கோமா அளவு, ஏறக்குறைய 21.5 சென்ட், குறைவு. ஏ-யை 27/16-க்கு, அதாவது +6-க்கு, உயர்த்தினால் டி-ஏ இடைவெளி சரியாகிவிடும், ஆனால் அந்தக் கணமே எஃப் மேஜர் கெட்டுவிடும். பன்னிரண்டு கட்டைகளில் இதற்கு முழுத் தீர்வு கிடையாது. இரண்டு அமைப்புகளையும் தனித்தனி நினைவிடங்களில் சேமித்துக்கொண்டு, வாசிப்பினூடே பொத்தானாலோ மிதிகட்டையாலோ மாற்றிக்கொள்வதே நடைமுறை வழி. மாற்றும்போது ஒலித்துக்கொண்டிருக்கும் ஸ்வரம் சட்டென்று தாவுகிறதா என்பதை வீட்டிலேயே சோதித்துவிடுங்கள். ஆதார ஸ்வரம் அசையாத இசையையே வாசிக்கப் போகிறீர்கள் என்றால், டி மைனரை விட்டுவிடுவது இன்னும் எளிது.

கேள்வி: உலோகக் குழாய்களை வெட்டி நாமே வாத்தியம் செய்ய முடியுமா? தந்தியைப்போல் நீளத்தை விகிதத்தால் வகுத்தால் போதுமா?

பதில்: செய்யலாம், அமெரிக்க இசையமைப்பாளர் லூ ஹாரிசனும் வாத்தியங்கள் செய்த வில்லியம் கால்விக்கும் அலுமினியக் குழாய்களைக் கொண்டு ஒரு வாத்தியக் குழுவையே அமைத்தார்கள். கணக்கு மட்டும் வேறு. தட்டி ஒலிக்கும் குழாயின் அதிர்வெண் நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் இருப்பதால், விகிதத்தின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். 60 செ.மீ. குழாய் ஆதாரம் என்றால் 5/4-க்கு 53.7, 3/2-க்கு 49, மேல் ஸ்தாயிக்கு 42.4 செ.மீ. வரும், எல்லாக் குழாய்களும் ஒரே விட்டமும் ஒரே கனமும் உடையவையாக இருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் இரு முனைகளிலிருந்தும் நீளத்தின் 22.4 சதவீதத் தொலைவில் தாங்கினால் நாதம் அடைபடாது. சற்று நீளமாகவே வெட்டிக்கொண்டு, முனையை அராவி அராவிச் சுருதியை ஏற்றுங்கள்.